தளி – ஜவளகிரி சாலையில் ஏழாவது மணி

போன மாதம் என் மகனோடு ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நால்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்கள். கிருஷ்ணகிரியில் தொடங்கி ஓசூர், தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாகத் திரும்பக் கிருஷ்ணகிரிக்கே வரும் சுற்றை அடிக்கப் போகிறார்களாம். "அங்கிள், நீங்க அந்தக் காலத்திலேயே இந்த ரூட்ல போயிருக்கீங்களாமே, எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள். வலைப்பூவில் எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். வாயால் சொன்னால் தளி வந்ததும் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் போனது அறுபதுகளின் கடைசியில், ஒரு பொங்கல் விடுமுறையில். கிருஷ்ணகிரியில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஏழு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தோம். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு சைக்கிள், ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒரு டப்பா நிறைய பஞ்சர் ஒட்டும் சாமான், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு நீண்ட பயணம் போவோம். அந்த வருஷம் நாலு நாள், எங்கள் கணக்கில் நூற்றிரண்டு மைல்.

தலைவர் தேவசகாயம். பஸ் பட்டறையில் பிட்டர் வேலை. எங்களைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா, பெயர் சூசை. பிறகு அந்தோணி. அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே என் சேக்காளி. அப்போது என் தங்கை ரோசலிக்கு நிச்சயம் ஆனவனும் அவன்தான். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால், அதாவது இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். கிளம்புகிற அன்று காலையில் ரோசலி வாசல்வரை வந்து என் கையில் சோற்று மூட்டையைக் கொடுத்துவிட்டு, "அவர முழுசா கூட்டியாந்து சேத்துடுண்ணா" என்றாள். "அவன் என்ன உடைஞ்சு போற சாமானா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சங்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவோம். ஓட்டும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கப்பி ரோட்டில் தலையைத் திருப்பினால் ஹேண்டில் ஆடும், பின்னால் வருகிறவன் மேலே வந்து ஏறுவான். கத்திப் பேசவும் கூடாது, மூச்சு போய்விடும் என்பார் அண்ணன். ஆள் எண்ணிக்கையை மணியால்தான் எடுப்போம். மைல்கல் வந்ததும் அண்ணன் ஒரு தரம் மணி அடிப்பார். அவருக்குப் பின்னால் இரண்டாம் ஆள், பிறகு மூன்றாம் ஆள், அப்படியே வரிசையாகக் கடைசிவரை. பனி மூட்டமாக இருந்தால் மைல்கல்லுக்குப் பதில் ஒவ்வொரு பர்லாங் கல்லிலும் எண்ணுவோம். ஒரு மைலுக்கு எட்டு முறை.

ஏழு பேரின் மணியும் எங்களுக்குக் காது பழக்கம். என்னுடையதில் ஸ்பிரிங் போய்விட்டதால் 'ட்ரிங்' என்று முழுசாக அடிக்காது, 'ட்ரி' என்று பாதியில் விக்கி நிற்கும். கடைசியில் வருகிறவனுக்கு மட்டும் தனி மணி. பூசையில் அடிக்கிற கைமணி ஒன்று கோயிலில் விரிசல் விட்டு மூலையில் கிடந்தது. சாமியாரைக் கேட்டு அண்ணன் அதை வாங்கி வந்திருந்தார். அதைச் சணல் கயிற்றால் ஹேண்டிலில் கட்டிக்கொண்டு கையால் ஆட்ட வேண்டும். 'ணக்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் ஏழு பேரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் கடைசி என்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் முறை வைத்து மாறும். முறையை மாற்றினால் அண்ணனுக்குப் பிடிக்காது.

முதல் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், முப்பத்திரண்டு மைல். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். சூளகிரியில் பத்து மணிக்கு இட்லியும் டீயும், ஆளுக்கு அறுபது பைசா. ஏற்றம்தான் உயிரை வாங்கும். மதியம் இரண்டரைக்கு ஓசூர் போய்ச் சேர்ந்தோம். இன்றைக்கு அந்த ஊரில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சாலையைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. அன்றைக்குப் பஸ் நிலையத்தைத் தாண்டினால் ராகிக் கொல்லைதான். தெரிந்தவர் வீட்டு வராந்தாவில் படுத்தோம். குளிர் எலும்பில் ஏறியது. அந்தோணி தன் போர்வையில் பாதியை என் மேல் போட்டுவிட்டு, "ரோசலி அண்ணன் செத்துட்டா கல்யாணம் தள்ளிப் போயிரும்டா" என்றான்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு மத்திகிரி வழியாகத் தளிக்குக் கிளம்பினோம், பதினாறு மைல். அப்படி ஒரு பனியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முன்னால் போகிறவனின் பின் சக்கரம் மட்டும் தெரிந்தது, அவன் தெரியவில்லை. பர்லாங் கல்லுக்குப் பர்லாங் கல் எண்ணிக்கொண்டே போனோம். ஏழு பேரின் மணியும் ஒழுங்காகக் கேட்டது. ஒன்பது மணிக்குத் தளியில் ஒரு டீக்கடையில் சைக்கிள்களைச் சாய்த்தோம். அந்த நேரத்திலும் வெயில் வரவில்லை.

கடைக்காரர் கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசுகிறவர். நாங்கள் ஜவளகிரி போகிறோம் என்றதும் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தார்.

"எட்டு மைல். பாதிக்கு மேல காடுங்க. ஆனை இருக்குது. மணி அடிச்சிக்கினே போங்க, சத்தம் கேட்டா அது ஒதுங்கிக்கும். நோடி, பாருங்க, கடைசில வர்றவரு உசாரா வரணும். முன்னால போறவங்கள அது விட்டுடும்."

"வேற ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணே ஒண்ணு. காட்டுக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்புடாதீங்க."

"ஏங்க?"

"பேரு அதுக்கும் தெரிஞ்சிரும்ங்க."

எதற்குத் தெரிந்துவிடும் என்று அண்ணன் கேட்டார். கடைக்காரர் அடுத்த டம்ளரைக் கழுவப் போய்விட்டார். எங்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் தளியிலிருந்து ஜவளகிரிவரை கடைசி ஆள் நான். விரிசல் மணி அப்போது என் ஹேண்டிலில்தான் கட்டியிருந்தது.

மறைக்க என்ன இருக்கிறது, நான் பயந்துவிட்டேன். யானை ஒரு பக்கம். அதைவிட, அந்த வெள்ளைப் பனிக்குள் என் முதுகுக்குப் பின்னால் யாருமே இல்லாமல் எட்டு மைல் போக வேண்டும் என்பது. டீயை முடித்துவிட்டு எழுந்து என் சீட்டைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். "அந்தோணி, சீட்டு கழண்டு ஆடுதுடா. வேகம் குடுக்க முடியாது. நீ கடைசில வர்றியா, நான் உனக்கு முன்னால போறன்" என்றேன். அண்ணன் காதில் விழாதபடி மெல்லத்தான் சொன்னேன். அந்தோணி என் முகத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். "சரி, மணியக் குடு" என்றான். அவசரத்தில் பழைய சணலையே அவிழ்த்து அவன் ஹேண்டிலில் நான்தான் கட்டினேன். சீட்டு கல் மாதிரி இறுகித்தான் இருந்தது.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். முதல் மூன்று மைல் கொல்லைகள், அங்கங்கே ஒரு வீடு, நாய். பிறகு இரண்டு பக்கமும் மரம் வந்தது. மரம் என்று சொல்கிறேனே தவிர, பனிக்குள் கறுப்பாக ஏதோ நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான் தெரியும். பறவைச் சத்தம்கூட இல்லை. சரளையில் டயர் உரசும் சத்தமும் என் மூச்சும்தான். பர்லாங் கல் வரும்போது முன்னாலிருந்து ஒவ்வொரு மணியாக வந்து, என்னுடையது 'ட்ரி' என்று விக்க, பின்னால் 'ணக்' என்று கேட்கும். அது கேட்கிறவரை என் கழுத்து விறைத்துக்கொண்டே இருக்கும். கேட்டதும் இளகும். அந்தோணி பின்னால் இருக்கிறான் என்பதில் எனக்கு அத்தனை நிம்மதி. வெட்கமாகவும் இருந்தது.

நடுவில் ஒரு இடத்தில் சாலை மேடேறியது. அதற்கப்புறம் ஒரு சின்ன மாற்றம். 'ணக்' வருவதற்கு முன்னால் இருக்கிற இடைவெளி கொஞ்சம் நீண்டது. என் மணிக்கு உடனே பதில் வராமல், ஒருவன் யோசித்துவிட்டு அடிப்பது போல வந்தது. அந்தோணி களைத்திருப்பான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்திருக்கலாம். வழக்கம் கூடாது என்றது. உள்ளபடி சொன்னால், பயமும் கூடாது என்றது. அதன் பிறகு நான் எண்ணிப் பார்த்த கற்கள் பதினாறு. பதினாறுக்கும் பதில் வந்தது.

பத்து ஐம்பதுக்கு ஜவளகிரி காட்டு இலாகா சோதனைச் சாவடிக்கு வந்தோம். மூங்கில் தடுப்புக்குப் பக்கத்தில் காக்கிக் கோட்டின் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பாரஸ்ட் கார்டு உட்கார்ந்திருந்தார். பேர் எழுதும் நோட்டைத் திறந்தார்.

"எத்தினி பேரு?"

"ஏழு" என்றார் அண்ணன்.

கார்டு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். "ஆறு சைக்கிள்தான் நிக்குது."

"கடைசி ஆளு பின்னால வர்றாருங்க. மணி கேட்டுக்கிட்டே வந்தோமே."

அப்போதுதான் நான் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தேன். சாலை இருபது அடி தெரிந்தது, அதற்கப்புறம் பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து 'ணக்' என்று மணி கேட்டது. ரொம்பக் கிட்டத்தில். "அதோ வர்றான்" என்றார் அண்ணன். எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரும் வரவில்லை. பனி கொஞ்சம் விலகி இன்னும் ஐம்பது அடி சாலை தெரிந்தது. அதில் ஒன்றும் இல்லை.

ரோசலி வாசலில் நின்ற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வேன்? என் இடத்தில் அவனை நிறுத்திவிட்டு வந்தேன் என்றா? அண்ணனிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அண்ணே, வாங்க திரும்பிப் போலாம்" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

நான்கு பேரைச் சாவடியில் விட்டுவிட்டு அண்ணனும் நானும் திரும்பினோம். கார்டு அண்ணனின் கேரியரில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அண்ணன் கல்லுக்குக் கல் மணி அடித்தார், நானும் அடித்தேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. இப்போது அது சாலையில் இல்லை. இடது கைப்பக்கம், மரங்களுக்குள்ளே.

"மாடு ஏதாச்சும் மேயுதுங்களா, கழுத்துல மணியோட?" என்று அண்ணன் கார்டைக் கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் மாறியிருந்தது.

"பட்டி மாடெல்லாம் மலைக்கு அந்தாண்ட ஓட்டிக்கினு போயி ஒரு மாசம் ஆச்சிங்க. இந்தாண்ட ஒரு கன்னுக்குட்டிகூட கெடையாது" என்றார் அவர்.

சாவடியிலிருந்து இரண்டு மைல் திரும்பி வந்ததும் அந்த மேடு. அங்கே பர்லாங் கல்லை ஒட்டி அந்தோணியின் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது. விழுந்த அடையாளம் இல்லை. ஹேண்டிலில் அறுந்த சணலின் ஒரு துண்டு தொங்கியது. மணியும் இல்லை, அவனும் இல்லை. கல்லிலிருந்து இடது பக்கம் ஒரு ஒற்றையடித் தடம் காட்டுக்குள் போனது. பனி ஈரத்தில் செருப்புத் தடம் பதிந்திருந்தது. உள்ளே போன தடம் மட்டும்தான்.

கார்டு கேரியரிலிருந்து குதித்தார். "அய்யோ, இந்தப் பக்கமா போனாரு? ரோடு போட கல்லு ஒடச்ச குழி இருக்குதுங்க உள்ள. முப்பது முப்பத்தஞ்சு அடி. தண்ணி நின்னுக்கினு இருக்கு. ஓரத்துல புல்லு மூடிக்கினு இருக்கும், தெரியவே தெரியாது."

அண்ணன் மணி அடித்தார். உள்ளேயிருந்து 'ணக்' என்று பதில். "அவன்தான், அவன்தான்டா" என்று சொல்லிக்கொண்டே தடத்தில் காலை வைத்தார். கார்டு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க. இன்னொரு வாட்டி அடிங்க." அண்ணன் அடித்தார். பதில் வந்தது. "கேட்டுதுங்களா? அது நின்ன எடத்துலயே நிக்குது. நம்ம கிட்ட வரல. உங்க ஆளா இருந்தா வந்திருக்க மாட்டாரா?"

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. மணி வேண்டாம் என்று தோன்றியது. மணி யாருடையதாகவும் இருக்கலாம். டீக்கடைக்காரர் சொன்னதும் நினைவுக்கு வந்தது, வந்தும் நான் நிற்கவில்லை. "அந்தோணி!" என்று கத்தினேன். "டேய் அந்தோணி! அங்கயே நில்லுடா! அசையாத!" அழுதுகொண்டுதான் கத்தினேன். குரல் நடுங்கி நடுங்கி, கேட்கவே அசிங்கமாக இருந்தது. ஆறேழு முறை கத்தியிருப்பேன். மணிச் சத்தம் நின்றுவிட்டது. காடு முழுக்க ஒரு அமைதி. அந்த அமைதியைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை. மூடிய அறையில் மின்விசிறி நின்றுபோனால்கூட எனக்கு அது ஞாபகம் வந்துவிடும்.

கார்டு கையில் கழியோடு தடத்தில் தட்டித் தட்டி முன்னால் போக, நாங்கள் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தோம். என் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால் ஆனபோது புதர் விலகியது. அந்தோணி வந்தான். முழங்கால்வரை சேறு, முகம் வெளுத்திருந்தது. நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பையில் ஏதோ கனமாக இடித்தது. விரிசல் மணி. மணியின் நாக்கைச் சுற்றிக் கைக்குட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"மேட்டுல சணல் அறுந்து விழுந்துட்டுது" என்றான். "கோயில் மணியாச்சே, விட்டுட்டு வர முடியுமா? எறங்கி எடுத்தேன். கட்டறதுக்குக் கயிறு இல்ல. பையில போட்டா தப்பா அடிச்சிக் கணக்கு கெட்டுடும்னு துணியச் சுத்தினேன்."

"அப்புறம் ஏன்டா உள்ள போன?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நீதானடா உள்ளேருந்து மணி அடிச்ச? 'ட்ரி, ட்ரி'ன்னு, விக்கி விக்கி. உன் மணி எனக்குத் தெரியாதா? ஆனைய கண்டு காட்டுக்குள்ள ஓடி விழுந்து கெடக்கறயோன்னு வந்தேன். நடக்க நடக்க அது தூரமா போயிக்கினே இருந்துச்சி."

கைக்குட்டை சுற்றிய மணி அடிக்காது. பதினாறு கல்லுக்கும் பதில் சொன்னது அந்த மணி இல்லை. என் மணியோ நான் அடித்தபோது சாலையில்தான் அடித்தது. கார்டு குனிந்து அந்தோணியின் செருப்பில் ஒட்டியிருந்த பாசியைத் தொட்டுப் பார்த்தார். "குழியோட ஓரத்துப் பாசிங்க இது" என்றார். "இன்னும் ஒரு அடி வச்சிருந்தா அவ்ளோதான்."

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போகப்போகிறவர்களுக்கு உதவும். ஜவளகிரியிலிருந்து தேன்கனிக்கோட்டை பதினொரு மைல், ஏற்ற இறக்கம் அதிகம். அன்று மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கினோம். மூன்றாம் நாள் கெலமங்கலம் எட்டு மைல். அன்று அங்கே சந்தை நாள், சாப்பாடு நன்றாகக் கிடைத்தது. அங்கிருந்து ராயக்கோட்டை ஒன்பது மைல். நான்காம் நாள் ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி பதினெட்டு மைல், பெரும்பாலும் இறக்கம், மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டோம். நாலு நாளைக்கு ஆளுக்கு ஒன்பது ரூபாய் ஆயிற்று. ஜவளகிரிக்குப் பிறகு நாங்கள் மணியால் எண்ணவில்லை. ஒவ்வொரு மைலுக்கும் நின்று, இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன்தான் முதலில் இறங்கினார், யாரும் காரணம் கேட்கவில்லை. விரிசல் மணியைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

வாசலில் ரோசலி நின்றாள். அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். "செருப்பெல்லாம் சேறா இருக்குது, எங்க விழுந்தாரு?" என்று என்னைக் கேட்டாள். வழியில் என்றேன். மூன்று வாரத்தில் கல்யாணம் நடந்தது. சீட்டு விஷயத்தை நான் அவளிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாலை முழுக்கத் தார் போட்டாகிவிட்டது. தளியிலிருந்து காலை பதினொன்றுக்கு முன்னால் கிளம்பாதீர்கள், பனி முழுசாக விலகட்டும். மாலை நாலுக்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், யானை நடமாட்டத்தை அவர்களே சொல்வார்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். பனிக்காலம் தவிர மற்ற மாதங்களில் போனால் நான் சொன்ன எதுவும் இருக்காது, அழகான காட்டு வழி மட்டும்தான். சாலையை விட்டுக் கீழே இறங்க வேண்டாம். அந்தக் குழி இன்னும் இருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவும் மாட்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தூரங்களைச் சரிபார்க்க நேற்று அந்தோணிக்குப் போன் போட்டேன். கிருஷ்ணகிரியில்தான் இருக்கிறான், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. மைல் கணக்கெல்லாம் சரி என்றான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இனி எதற்கு மூடி வைப்பது என்று நினைத்து, "மாப்ளே, அன்னைக்கி என் சீட்டு ஆடலடா" என்றேன்.

"தெரியுமே" என்றான். "சணல் கட்டும்போது உன் சைக்கிள நான்தான் சீட்டப் புடிச்சித் தூக்கி நிமித்துனேன். கொஞ்சங்கூட ஆடல."

"தெரிஞ்சும் ஏன்டா சரின்ன?"

"நீ பயந்துட்ட. நான் அவ்ளோ பயப்படல. அதுக்கு என்ன இப்போ?"

அவன் கொஞ்ச நேரம் இருமிவிட்டு, ஐம்பது வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"நீ பேர் சொல்லிக் கூப்புட்டயே, அதுக்கப்புறம் மணி நின்னுட்டுது. ஆனா உன் குரலு ரெண்டு பக்கமிருந்தும் வந்துச்சிடா. பின்னாலேருந்து ஒண்ணு, எதுர்ல தண்ணிப் பக்கமிருந்து ஒண்ணு. ரெண்டுமே 'அந்தோணி'ன்னுதான் கூப்புட்டுது. ரெண்டும் உன் குரலுதான்."

"அப்புறம் எப்படிடா?"

"எதுர்ல கூப்புட்டது தைரியமா, நிதானமா கூப்புட்டுச்சி. பின்னால கூப்புட்டது நடுங்கிக்கினு அழுதுச்சி. உன்ன எனக்குத் தெரியாதா? நடுங்குன பக்கமா திரும்பி வந்துட்டேன்."

காட்டுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவனைக் கடைசியில் நிறுத்தியவனும் நான். அவனை மீட்டுக்கொண்டு வந்தது நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்த அந்தப் பயம்தான். அதனால் நாலு பேருக்கும் கடைசியாக ஒரு யோசனை சொல்கிறேன். தளியில் டீ குடித்துவிட்டு யார் கடைசி என்று முடிவு செய்யும்போது உங்களில் ஒருவருக்குப் பயமாக இருந்தால், சீட்டை ஆட்டாமல், பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மற்ற மூன்று பேரும் அந்தக் குரலை நன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.